குடும்பப் படம்: ஸ்டுடியோவா, பீச்சா, வீடா?

குடும்பப் படத்தை எங்கே எடுப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கு உதவும். தை மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். அண்ணன் குடும்பம் டல்லாஸிலிருந்து மார்கழிக் கடைசியில் வந்து மூன்று வாரம் தங்குகிறது. எல்லாரும் சேர்ந்தால் 13 பேர். மூத்தவர் அப்பாவின் அம்மா, 84 வயது, முட்டிவலி. கடைக்குட்டி அக்காவின் மகள், ஒன்றரை வயது. வீடு நங்கநல்லூரில், தனி வீடு. அண்ணனுக்கு பெசன்ட் நகர் பீச்சில் சாயங்காலம், எல்லாரும் வெள்ளைச் சட்டை ஜீன்ஸில் நிற்கவேண்டும். அம்மாவுக்கு ஸ்டுடியோதான் சரி. அக்காவோ, “விசேஷத்துக்குத்தான் ஃபோட்டோகிராபர் வர்றாரே, அவரே கேண்டிடா எடுத்துட்டா போதாதா” என்கிறார், அதாவது யாரையும் நிறுத்திவைக்காமல், நடப்பதை நடக்கிறபடியே எடுப்பது. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. கூடவே சில்லறைக் கேள்விகள்: எல்லாரும் ஒரே கலரா, ஆல்பம் போடலாமா, ட்ரோன் வேண்டுமா.

என் பதில்: வீட்டிலேயே எடுங்கள். விசேஷத்தோடு சேர்க்காமல், அதற்கு முன்னால் ஒரு வார நாளில், காலையில், இரண்டு மணி நேரம். சென்னையில் குடும்பப் படம் எடுப்பதே என் பிழைப்பு, ஸ்டுடியோவிலும் எடுக்கிறேன், பீச்சிலும் எடுக்கிறேன், எதன்மேலும் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் உங்கள் 13 பேருக்கு வீடுதான் பொருந்தும்.

பொதுவாக எல்லாரும் இடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு படம் பிடித்துவிடும், உடனே அந்த இடம் வேண்டும். நான் கேட்கிற கேள்விகள் இரண்டுதான். படம் கடைசியில் எங்கே இருக்கப்போகிறது? வருகிறவர்களில் யார் முதலில் சோர்ந்துபோவார்? இந்த இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் ஸ்டுடியோவா பீச்சா என்பது தானாகவே முடிவாகிவிடும்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலில் மாட்டுவதற்கு என்றால் 12க்கு 18 அங்குலப் பிரிண்ட் வேண்டும். 13 பேரை மூன்று வரிசையாக நெருக்கி நிறுத்தி, படத்தை ஆட்களால் நிரப்பினால், ஒவ்வொரு முகமும் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் வரும். சோபாவில் உட்கார்ந்தே பாட்டி தன் கொள்ளுப்பேத்தியை அடையாளம் கண்டுகொள்வார். அதே 13 பேரைக் கடலும் வானமும் தெரிய அகலமாக எடுத்தீர்கள் என்றால் முகம் மிளகு அளவுக்குப் போய்விடும். கைபேசியில் விரலால் பெரிதாக்கிப் பார்க்கும்போது அது அழகாகத்தான் இருக்கும், சுவரில் அப்படிப் பெரிதாக்க முடியாது. அண்ணனுக்கு வேண்டியது ஒருவேளை வாட்ஸ்அப் டிபி, அம்மாவுக்கு வேண்டியது சுவர். இரண்டு பேரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இப்போது பீச். இங்கே ஒரு பூகோள விஷயம் பலருக்கு உறைப்பதில்லை. சென்னை கிழக்குக் கரை. சூரியன் கடலில் உதிக்கிறது, ஊருக்குள் மறைகிறது. கலிஃபோர்னியா குடும்பங்கள் எடுத்துக்கொள்கிற, பின்னால் சூரியன் கடலில் இறங்க முடியெல்லாம் பொன்னாக மின்னுகிற அந்த சாயங்காலப் படம் பெசன்ட் நகரில் கிடைக்கவே கிடைக்காது. சாயங்காலம் அங்கே கிடைப்பது கட்டடங்களின் நிழல், அப்புறம் சாம்பல் நிறக் கடல். மோசமான வெளிச்சம் இல்லை, மென்மையாகவே இருக்கும். ஆனால் அண்ணன் மனதில் இருக்கிற படம் அது இல்லை. ஜனவரியில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும், அதுவும் நினைவிருக்கட்டும். பெசன்ட் நகர் பீச்சில் இருக்கிற கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம், அதாவது 1930இல் நீரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க்காரரின் நினைவாக எழுப்பிய அந்த வெள்ளை வளைவு, சென்னையில் பீச் படம் எடுக்கிற அத்தனை பேருக்கும் பின்னணி அதுதான். சாயங்காலம் அங்கே ஆள் இல்லாத ஒரு நிமிஷத்தைப் பிடிப்பது பெரும்பாடு.

காலையில் போனால்? ஜனவரியில் சென்னையில் சூரியோதயம் ஆறரை மணி சுமார். கடலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டும், கடலைப் பார்த்து நின்றால் ஏழு மணிக்கு மேல் எல்லாருக்கும் கண் கூசும். நடுவில் நல்ல வெளிச்சம் இருபது இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் 13 பேர் தலைவாரி, பட்டுடுத்தி, நங்கநல்லூரிலிருந்து மூன்று காரில் வந்து, மணலில் வரிசையாக நிற்கவேண்டும். பாட்டியை மணலில் நடத்த முடியாது. சக்கர நாற்காலி மணலில் புதையும். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022இல் மரப்பாதை போட்டார்கள், திறந்த சில நாளிலேயே மாண்டஸ் புயலில் அது சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதையில் பாட்டி கடல் பார்த்துவிட்டு வரலாம், 13 பேரை அங்கே மறித்து நிறுத்திப் படம் எடுப்பது முறையில்லை. அப்புறம் காற்று. ஜார்ஜெட் புடவை, தளர்ந்த பின்னல், குழந்தையின் கண்ணில் மணல், இதையெல்லாம் சொல்லவே வேண்டாம். கணவன், மனைவி, பத்து வயதுப் பையன் என்று மூன்று பேராக வந்தால் நானே பீச்சுக்கு அழைத்துப்போவேன், நனையலாம், ஓடலாம். அண்ணன் குடும்பம் மட்டும் தனியாக ஒருநாள் காலையில் போய்வரட்டும், அவருக்கும் ஆசை தீரும்.

ஸ்டுடியோவைப் பற்றி அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏசி, நாற்காலி, பாத்ரூம், மழை வெயில் கவலை இல்லாத வெளிச்சம். அவர் காலத்தில் குடும்பப் படம் என்றாலே ஸ்டுடியோதான், கல்யாணமான கையோடு ஒரு படம், முதல் குழந்தைக்கு மொட்டை போடும்முன் ஒரு படம். திரையில் வரைந்த தூணும் மாடிப்படியும், பக்கத்தில் முக்காலியில் ஒரு டம்மி டெலிஃபோனும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிச் சேகரித்து டிஜிட்டலாக்கியிருக்கிறது. அவற்றைப் பார்த்தால் அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் ஆட்களை நிறுத்துவதில் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று தெரியும். முழங்கை எங்கே, கை எந்தத் தோளில் என்று ஒவ்வொன்றும் பார்த்துப் பார்த்து வைத்தது. இன்றைக்குக் கேண்டிட் என்ற பெயரில் அந்த வித்தை பாதி மறந்துபோய்விட்டது, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஆனால் அளவு இடிக்கிறது. ஸ்டுடியோவில் பின்னணியாகத் தொங்கவிடுகிற பேக்டிராப் காகிதச் சுருள் வழக்கமாக ஒன்பது அடி அகலம். தோளோடு தோள் ஒட்டினாலும் ஒரு வரிசையில் ஐந்து, ஆறு பேர்தான் நிற்கலாம். ஏரியா ஸ்டுடியோக்களில் பல, பாஸ்போர்ட் படம் எடுக்க அமைத்த சின்ன அறைகள், பின்னால் போய் நிற்க இடமே இருக்காது. இடம் இல்லாதபோது ஃபோட்டோகிராபர் அகலக்கோண லென்ஸை மாட்டுவார், ஓரத்தில் நிற்கிறவர்கள் அகன்றுபோவார்கள். ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் மாப்பிள்ளைகளும் மருமகள்களும்தான் என்பது வேறு விஷயம். அம்மா ஸ்டுடியோவில்தான் என்று பிடிவாதமாக இருந்தால், போன் செய்து இரண்டே கேள்வி கேளுங்கள்: பேக்டிராப் எத்தனை அடி, கேமராவுக்கும் ஆட்களுக்கும் நடுவே எத்தனை அடி இடம் இருக்கும்? 13 பேருக்குப் பன்னிரண்டு அடி அகலமும் பதினைந்து அடி தூரமும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அப்பாவும் அம்மாவும் மட்டும் பட்டில் ஒரு படம், பாட்டியோடு மூன்று தலைமுறை ஒரு படம் என்றால் எந்த நல்ல ஸ்டுடியோவும் போதும்.

அக்கா சொல்வதுதான் இருப்பதிலேயே ஆபத்தான யோசனை, ஏனென்றால் கேட்க நன்றாக இருக்கிறது. விசேஷ நாளில் உங்கள் வீட்டில் யாராவது ஓரிடத்தில் நிற்பார்களா? அக்கா தாம்பூலப் பையைத் தேடிக்கொண்டிருப்பார், அண்ணி குழந்தைக்குப் பால் கரைக்க வெந்நீர் கேட்டுக்கொண்டிருப்பார், அப்பா கலச தீர்த்தம் ஊற்றி நனைந்து, ஹோமப் புகையில் கண் சிவந்து நிற்பார். அந்த நாளின் படங்கள் அந்த நாளுக்கானவை, அவற்றுக்குத் தனி அழகு உண்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குடும்பப் படம் எப்போது எடுப்பார்கள் தெரியுமா? எல்லாம் முடிந்து, பந்தி போட்டாச்சு என்று குரல் வந்தபிறகு, பசியோடு. திருக்கடையூரில் ஒரே நாளில் எத்தனையோ தம்பதிகளுக்கு நடக்கும், பிரகாரத்தில் உங்களுக்கென்று இடம் பிடித்து 13 பேரை நிறுத்துவது கஷ்டம். தவிர 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனைத் தடைசெய்யச் சொன்னது, கேமரா விஷயத்தில் ஒவ்வொரு கோயிலிலும் நடைமுறை வேறு. அங்கே யார் எடுக்கலாம், எதுவரை எடுக்கலாம் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வெளியில் எங்காவது போயே ஆகவேண்டும் என்றால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா ஒரு நல்ல சமரசம். 1996இல் திறந்தது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள், செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் பாட்டி உட்கார்ந்தால் அதற்குமேல் பின்னணி வேண்டாம். ஷூட்டுக்குத் தனி அனுமதியும் கட்டணமும் உண்டு, செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாமல்லபுரம் நினைவுச் சின்னங்கள் தொல்லியல் துறையின் கையில், கைக்கேமராவோடு போனால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ட்ரைபாடும் லைட்டும் இறக்கினால் முன்அனுமதிக் கடிதம் கேட்பார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

“எங்க வீடு சின்னது சார், சுவரெல்லாம் அழுக்கு” என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்வது. படத்துக்கு வீடு தேவையில்லை, வீட்டில் நல்ல வெளிச்சம் விழுகிற இரண்டு இடம் போதும். நங்கநல்லூர் தனி வீடுகளில் அந்த இடம் பெரும்பாலும் கார் நிறுத்துகிற போர்டிகோ! மேலே கூரை, முன்பக்கம் திறந்த வெளி. வெயில் நேரே தலையில் விழாது, வானத்தின் வெளிச்சம் மட்டும் முன்னாலிருந்து முகத்தில் விழும். ஸ்டுடியோவில் சாஃப்ட்பாக்ஸ், அதாவது விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி மூடிய பெட்டி, வைத்து நாங்கள் தேடுகிற வெளிச்சம் அதுதான். காரைத் தெருவில் விடுங்கள், செருப்பு ஸ்டாண்டையும் தண்ணீர் கேனையும் அப்புறப்படுத்துங்கள், நிலைப்படியில் மாவிலைத் தோரணம், முன்னால் கோலம். மார்கழி என்பதால் கோலம் எப்படியும் பெரிதாகத்தான் இருக்கும். பாட்டிக்கும் அப்பா அம்மாவுக்கும் நடுவில் நாற்காலி, பெரியவர்கள் பின்னால் படியில், பிள்ளைகள் முன்னால் ஜமக்காளத்தில். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம், பக்கத்து வீட்டில் கேட்டாவது மர நாற்காலி வாங்கிப் போடுங்கள்.

இரண்டாவது இடம் ஹால் ஜன்னல் ஓரம். இங்கே முக்கியமான ஒன்று: எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். விருந்தாளி வந்தால் எல்லா லைட்டையும் போடுவது நம் வழக்கம், ஃபோட்டோகிராபர் வந்தாலும் போட்டுவிடுவார்கள். பகல் வெளிச்சம் ஒரு நிறம், ட்யூப்லைட் ஒரு நிறம், இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் பச்சையடிக்கும். கரும்பச்சை, ரோஸ் பெயின்ட் அடித்த சுவருக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றாலும் அதே கதை. ஜன்னல் திரையை விலக்கி, ஜன்னலுக்கு நாலடி தள்ளி உட்காரவையுங்கள். அங்கே பாட்டியைப் பூக்கட்டச் சொல்லுங்கள். கேமராவைப் பார்க்கச் சொன்னால் கல்லாகிப்போகிற பாட்டிகள் மடியில் மல்லிகையும் வாழைநாரும் வந்துவிட்டால் நம்மை மறந்துவிடுவார்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் முடிச்சுப் போடப் போட, உதிர்ந்த மொட்டுகளை அந்த ஒன்றரை வயசு வாண்டு பொறுக்கி வாயில் போடப் பார்க்கும், பாட்டி நாரை விடாமலே இடது கையால் அதன் கையைத் தட்டுவார். இது ஸ்டுடியோவில் நடக்காது, பீச்சிலும் நடக்காது. நான் வீடு என்று அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வீட்டை ஒதுங்க வைக்கிறேன் என்று மொத்தமாகத் துடைத்து எடுத்துவிடவும் வேண்டாம். தினசரி காலண்டர், பழைய ஊஞ்சல், அப்பா பேப்பர் படிக்கிற ஈஸி சேர், இதெல்லாம் இருக்கட்டும். எடுக்கவேண்டியது சார்ஜர் வயர், மருந்து டப்பா, டிவி மேல் போட்ட துணி, காயப்போட்ட உள்ளாடை.

நேரம், நாள். அண்ணன் பிள்ளைகளுக்கு டல்லாஸுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேர வித்தியாசம், ராத்திரி பகல் அப்படியே தலைகீழ். வந்து இறங்கிய முதல் மூன்று நான்கு நாள் வேண்டாம். அதற்குப்பிறகு காலை வேளைதான் அவர்களுக்கும் நல்லது, நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார்கள், சாயங்காலம் ஐந்துக்குக் கண் சொருகும். கடைக்குட்டி எத்தனை மணிக்குத் தூங்கும் என்று அக்காவிடம் கேட்டு, தூங்கி எழுந்து சாப்பிட்டு முடித்த நேரத்தைப் பிடியுங்கள். ஏழரையிலிருந்து ஒன்பதரை என்று வையுங்கள். தை பிறந்துவிட்டால் முகூர்த்தங்கள், எந்த ஃபோட்டோகிராபரும் உங்களுக்காக ஒரு காலை முழுதாக ஒதுக்கமாட்டார், ஒதுக்கினாலும் கல்யாண ரேட்டுதான். மார்கழியில் கல்யாணம் கிடையாது, நாங்கள் சும்மா இருப்போம், பேரம் படியும். ஆடியிலும் அப்படித்தான். ஆனால் போகியன்று மட்டும் வைத்துவிடாதீர்கள், காலையில் ஊரே புகை. 2018 போகிக்குச் சென்னையில் விமானங்களே தாமதமாயின. வடகிழக்குப் பருவமழை சில வருஷம் ஜனவரி வரை இழுக்கும், மழை வந்தாலும் போர்டிகோவில் நிற்கலாம் என்பது வீட்டுக்கு இன்னொரு பாயின்ட்.

அன்றைக்கு முதலில் 13 பேர் படம். குழந்தைக்குப் பொறுமை இருக்கும்போதே, முதல் கால்மணி நேரத்துக்குள். டீ சாப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். கண் மூடாமல் எல்லாரும் கிடைக்க எத்தனை படம் எடுக்கவேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இயற்பியலாளரும் நிக் ஸ்வென்சன் என்ற எழுத்தாளரும் கணக்கே போட்டிருக்கிறார்கள், சிரிக்கவைத்து யோசிக்கவைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கிற வேடிக்கைப் பரிசான இக் நோபல், 2006இல் கணிதத்துக்கு அவர்களுக்குத்தான். இருபது பேருக்கு உட்பட்ட கூட்டம் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், வெளிச்சம் மட்டமென்றால் இரண்டால். உங்களுக்கு ஐந்து, அல்லது ஏழு. அது கண் சிமிட்டுவதற்கு மட்டுமான கணக்கு. குழந்தை எங்கே பார்க்கிறது, அண்ணன் யாரிடம் பேசுகிறார் என்பதெல்லாம் அதில் வராது, இருபது படமாவது எடுக்கச் சொல்லுங்கள். கேமரா ட்ரைபாடில் நிற்கட்டும், அப்போதுதான் ஒரு படத்தில் கண்மூடியவரின் முகத்தை இன்னொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டுவது சுலபம். இது ஏமாற்று வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த நொடியில் எல்லாரும் அங்கேதானே நின்றார்கள், எனக்கு அதில் உறுத்தல் இல்லை.

பிறகு பிரித்துப் பிரித்து. இந்தப் பட்டியலை நீங்களே முதல்நாள் எழுதி, ஃபோட்டோகிராபருக்கு அனுப்பிவிடுங்கள்: அப்பா அம்மா தனியாக; அப்பா அம்மாவோடு மூன்று பிள்ளைகள், மருமக்கள் இல்லாமல்; ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக; பாட்டியோடு பேரன் பேத்திகளும் கொள்ளுப்பேரப் பிள்ளைகளும்; மாமியார் மருமகள்கள். ‘மருமக்கள் இல்லாமல்’ என்பதை அந்த இடத்தில் வாய்விட்டுச் சொல்லும்போது ஒரு சங்கடம் வரும், பட்டியலில் இருந்தால் ஃபோட்டோகிராபர் சொன்னதாகப் போய்விடும். மூன்று பேராக நிற்கக் கூடாது என்று பாட்டி சொன்னால் வாதாடாதீர்கள், ஒரு குழந்தையை இழுத்துக்கொண்டு நாலு பேராகிவிடுங்கள்.

அடுத்து சொல்வதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பாட்டியைத் தனியாக ஒரு படம் எடுங்கள். மார்பளவு, ஜன்னல் வெளிச்சம், கண் கேமராவைப் பார்த்து, பின்னால் ஒன்றும் இல்லாமல். எதற்கு என்று உங்களுக்கே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாததால்தான் பல வீடுகளில் கடைசி நேரத்தில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள் என்றோ, எவருடைய கல்யாண ஆல்பத்திலிருந்தோ வெட்டி, பக்கத்திலிருந்தவரின் தோளை அழித்துக் கொடுங்கள் என்றோ எங்களிடம் வந்து நிற்கிறார்கள். பாட்டியை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்தால் அவருக்குச் சுருக்கென்று படும். அதனால் கடைக்குட்டியிலிருந்து ஆரம்பித்து 13 பேரையும் அதே நாற்காலியில் வரிசையாக எடுக்கச் சொல்லுங்கள், ஆளுக்கு ஒரு நிமிஷம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஃபார்முக்காவது உதவும்.

உடை. ஒரே கலர் வேண்டாம். 13 பேர் ஒரே நிறத்தில் நின்றால் கல்யாண மண்டபத்தில் பரிமாறுகிறவர்கள் மாதிரித் தெரியும், அதோடு ஒருவர் துணிக்கும் அடுத்தவர் துணிக்கும் வித்தியாசமில்லாமல் ஒரே பரப்பாகிவிடும். அம்மாவின் புடவையை முதலில் முடிவு செய்யுங்கள், அது அரக்கு என்றால் மற்றவர்கள் சந்தனம், மயில் கழுத்து நிறம், கரும்பச்சை என்று அதோடு ஒத்துப்போகிற நாலைந்து நிறங்களுக்குள் இருந்தால் சரி. பளீரென்ற கிளிப்பச்சையும் ஆரஞ்சும் தாடைக்குக் கீழே நிறத்தைப் பிரதிபலிக்கும். பொடிக் கட்டம் போட்ட சட்டை கேமராவில் அலை அலையாக மின்னும். எழுத்துப் போட்ட டிஷர்ட் வேண்டவே வேண்டாம். வெள்ளைச் சட்டையைப் பொறுத்தவரை, வெயிலில் கேமரா அதைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று நினைத்து முகத்தை இருட்டடிக்கும், தெரிந்த ஆள் சமாளித்துவிடுவார், அண்ணன் கைபேசி சமாளிக்காது.

ஃபோட்டோகிராபரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இடத்தைவிட இது முக்கியம். போர்ட்ஃபோலியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது பல வருஷத்தின் சிறந்த முப்பது படம், என்னுடையதும் அப்படித்தான். ஏதாவது ஒரு குடும்பத்தின் முழு ஷூட்டையும், கொடுத்த எல்லாப் படங்களையும் காட்டச் சொல்லுங்கள், அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு. அதில் பத்துப் பேருக்குமேல் உள்ள குரூப் படம் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள்: பின்வரிசை முகங்கள் மங்கலாக இருக்கின்றனவா, ஓரத்து ஆட்கள் இழுபட்டிருக்கிறார்களா. பின்னணியை மங்கலாக்கி ஒருவரை மட்டும் துல்லியமாக எடுப்பதில் கைதேர்ந்த கேண்டிட் ஆட்கள் சிலர் அதே பழக்கத்தில் மூன்று வரிசைக் குரூப்பையும் எடுத்துவிடுவார்கள், முன்வரிசை தெளிவு, பின்வரிசை ஆவி. மூன்று வரிசையும் தெளிவாக விழ, லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8 பக்கம் வைத்து எடுக்கவேண்டிய இடம் அது. அப்புறம் நிறம். முகத்தை வெளுக்காதீர்கள், சுருக்கத்தை அழிக்காதீர்கள் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எல்லாரையும் இரண்டு ஷேடு ஏற்றிக் கொடுப்பது இந்தத் தொழிலில் கேட்காமல் செய்கிற உபசாரம் ஆகிவிட்டது. பலர் கேட்டு வாங்குகிறார்கள் என்பதும் உண்மை. 84 வயது முகத்தை மெழுகாக்கிக் கொடுத்தால் அது யார் பாட்டியோ.

25,000 தாராளம். இரண்டு ஃபோட்டோகிராபர், டீசர் வீடியோ, ரீல்ஸ் என்று பேக்கேஜ் சொல்வார்கள், வேண்டாம். ஒரு நல்ல ஆள், ஒரு அசிஸ்டென்ட், இரண்டு மணி நேரம். எத்தனை படம் திருத்திக் கொடுப்பார், மீதிப் படங்களும் கிடைக்குமா, அண்ணன் ஊருக்குத் திரும்புவதற்குள் கிடைக்குமா, இந்த மூன்றும் எழுத்தில் இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் இருந்தாலும் போதும். பணத்தில் ஒரு பங்கைப் பிரிண்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். 12க்கு 18க்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, என்றால் சுமார் 19 மெகாபிக்ஸல், 24 மெகாபிக்ஸல் கேமரா தாராளம். இரண்டு ஃபிரேம், ஒன்று நங்கநல்லூருக்கு, ஒன்று அக்கா வீட்டுக்கு. அண்ணனுக்குக் கண்ணாடி ஃபிரேம் போடாமல் பிரிண்டைச் சுருட்டிக் குழாயில் போட்டுக் கொடுங்கள், அங்கே போய்ப் போட்டுக்கொள்ளட்டும். கரிஷ்மா ஆல்பம், அதாவது விரித்தால் 12க்கு 36 வருகிற அந்தக் கனமான ஆல்பம், அதைத் திருக்கடையூர்ப் படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேர ஷூட்டுக்கு அது அதிகம், பக்கத்தை நிரப்ப ஒரே முகத்தை மூன்று சைஸில் போட்டு, ரோஜாப்பூவையும் சேர்த்துவிடுவார்கள். 6க்கு 8இல் முப்பது பிரிண்ட் போட்டுச் சாதாரண ஆல்பத்தில் செருகினால் பாட்டி மடியில் வைத்துப் பார்க்கலாம். படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், சும்மா அனுப்பினால் அமுங்கிப்போய் வரும், அதைப் பிரிண்ட் போட முடியாது.

பச்சிளங்குழந்தைக்குக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை, இதே பதிலில் சேர்த்துவிடுகிறேன். சுருண்டு தூங்குகிற நியூபார்ன் படங்கள் பிறந்த இரண்டு வாரத்துக்குள் எடுப்பவை. நம் வீடுகளில் அப்போது தாயும் பிள்ளையும் வெளியே வரமாட்டார்கள், கண்படும் என்பார்கள், கூட்டிக்கொண்டு அலைவதும் சரியில்லை. அம்மா வீட்டுக்கே வந்து எடுக்கிறவர் கிடைத்தால் எடுங்கள், இல்லையென்றால் கழுத்து நின்றபிறகு, மூன்று நாலு மாதத்தில், குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கும்போது எடுங்கள், அது இன்னும் ஜோர். கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு குழந்தை தானாக உட்கார்ந்திருப்பதுபோல வருகிற படம், ஒருவர் தலையையும் பிறகு கையையும் பிடித்துக்கொள்ள, இரண்டு படமாக எடுத்து ஒட்டுவது. நிஜமாகவே அப்படி உட்காரவைக்கிறேன் என்று யாராவது சொன்னால் குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கடைசியாக ட்ரோன். நங்கநல்லூர் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அனுமதி இல்லாமல் அங்கே பறக்கவிட்டால் போலீஸ் கேஸ். அனுமதி கிடைத்தாலும் போர்டிகோவுக்குக் கூரை இருக்கிறது, தெருவில் நிறுத்தி மேலிருந்து எடுத்தால் 13 உச்சந்தலை தெரியும், அதில் அண்ணனுடைய வழுக்கை எது அப்பாவுடையது எது என்று வேறு சண்டை வரும்.